பூஜ்யத்துக்குக் கீழே

காவிரிக் கரையில், விசைத்தறிகள் ஓயாமல் இரைந்துகொண்டிருக்கும் குமாரபாளையத்தில், நூல்கிடங்குச் சந்து என்று பெயர் இருந்தும் நூல்கிடங்கு எதுவும் இல்லாத ஒரு சந்தில், ஸ்டெபிலைசரும் மைக்செட் ஆம்ப்ளிஃபயரும் பழுதுபார்த்துக் காலம் தள்ளிக்கொண்டிருந்த மாதேஸ்வரனின் வீட்டு முன்னறையில் நின்ற ஒயர்ப்பெட்டி, ஆடி மாதத்து வெள்ளிக்கிழமை ஒன்றில், சந்துக்குள் யார் வருகிறார்கள், சந்தைவிட்டு யார் போகிறார்கள் என்று தெரிந்துகொள்ள ஆரம்பித்தது.

ஒயர்ப்பெட்டி என்பது சந்து வைத்த பெயர். அதன் சொந்தப் பெயர் மாடுலர் சின்தசைசர். பீரோ அளவுக்கு ஒரு மரச்சட்டம், அதில் வரிசை வரிசையாகத் தகடுகள், ஒரு தகடு ஓசையைப் பிறப்பிக்கும், ஒன்று அதன் குரலை மாற்றும், ஒன்று மெதுவாக மூச்சுவிடுவதுபோல் அலையை ஏற்றி இறக்கும். எந்தத் தகட்டின் வாயிலிருந்து எந்தத் தகட்டின் காதுக்கு ஒயர் போட்டாலும் ஒரு புது சத்தம் வரும். ஒவ்வொரு தகட்டையும் மாதேஸ்வரன் தன் கையால் பற்றவைத்துச் செய்தார். மனைவி தமயந்தி கூட இருந்த காலத்திலேயே அதை ஆரம்பித்துவிட்டார். சாயங்காலம் முழுக்க அந்தப் பெட்டிக்கு முகத்தையும் தமயந்திக்கு முதுகையும் காட்டி உட்கார்ந்திருப்பார். சண்டை என்று ஒன்று நடந்ததில்லை. "உங்ககூட இருந்தாலும் தனியாத்தான் இருக்கறேன், அதை எங்கப்பா வீட்டுல இருந்துக்கறனே" என்று ஒருநாள் சொல்லிவிட்டுப் பென்னாகரத்துக்குப் பஸ் ஏறிப்போனாள். அவர் பஸ் நிலையம்வரை பையைத் தூக்கிக்கொண்டு போய், ஜன்னல் சீட்டுப் பிடித்துக்கொடுத்து, திரும்பிவந்து, விட்ட இடத்திலிருந்து பற்றவைப்பைத் தொடர்ந்தார். அதற்குப் பிறகு அந்த வீட்டுக்கு, ரிப்பேர் சாமான் கொண்டுவருகிறவர்களைத் தவிர, யாரும் வரவில்லை.

அந்த ஆடி வெள்ளியன்று, எந்தத் தகட்டிலும் செருகாமல் வெறுமனே தொங்கிக்கொண்டிருந்த ஒரு ஒயரின் நுனியிலிருந்து மின்சாரம் வந்துகொண்டிருப்பதைக் கண்டு, அது எங்கிருந்து வருகிறதென்று பார்க்க மாதேஸ்வரன் அதை ஓசை பிறப்பிக்கும் தகட்டில் செருக, பெட்டி தறிக்கூடத்தின் அடித்தொண்டைபோல ஒரு ரீங்காரத்தில் நின்றது. கொஞ்ச நேரத்தில் ஒருவரும் தொடாமலே அந்த ரீங்காரம் மேலே ஏறிற்று. எதிர்வீட்டில் மளிகைக்கடை வைத்திருக்கும் பாவாயி, மாசமாயிருந்த தன் மகள் திருப்பூர் பஸ்ஸிலிருந்து இறங்கிச் சந்துக்குள் திரும்புவதைப் பார்த்துக் கல்லாவைவிட்டு எழுந்த அதே நொடியில் அது ஏறிற்று. மறுநாள் தறிக்காரர் ஒருவரின் தம்பி சூரத்துக்குக் கிளம்பியபோது இறங்கிற்று.

சந்து இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. சமையலுக்கு உதவும் என்பதுதான் முதலில் அவர்களுக்குத் தோன்றிற்று. ரீங்காரம் ஏறினால் பெண்கள் உலையில் இன்னொரு பிடி அரிசி சேர்த்துப் போட்டார்கள். கடைக்குப் போய்வருவது, தறிக்குப் போய்வருவது எல்லாம் பெட்டிக்குக் கணக்கில்லை. பையெடுத்துக்கொண்டு வெளியூர் போவதும், வெளியூரிலிருந்து பையோடு வருவதும்தான் கணக்கு. வருகிறவர்களின் தலையை அது எண்ணவில்லை, அவர்களை எவ்வளவு நாளாக எவ்வளவு மனதோடு எதிர்பார்த்திருந்தார்கள் என்பதை எடைபோட்டது என்று சீக்கிரமே எல்லோருக்கும் பிடிபட்டுவிட்டது. வேன் நிறைய வந்த சீர்வரிசைக்காரர்களுக்குச் சற்றும் அசையாத ரீங்காரம், பட்டாளத்திலிருந்து ஒற்றை டிரங்குப் பெட்டியோடு வந்த ஒருவனுக்குக் கண்ணாடித் தம்ளர்கள் கிணுகிணுக்கும்படி ஏறிற்று. மாமியார்கள் வரும் நேரத்தில் மருமகள்கள் கிரைண்டரைப் போட்டு ரீங்காரம் ஏறாததை மறைத்தார்கள். கட்டிக்கொடுத்த பெண் கிளம்பும்போது ரீங்காரம் பாத்திர அலமாரி அதிரும் ஆழத்துக்கு இறங்கினால் அது பிறந்த வீட்டுக்குக் கௌரவம் என்றாயிற்று. சரியாக இறங்காமல் போன ஒரு கல்யாணத்தில் பெண்ணின் சித்தி, தான் அழவேயில்லை என்று பெட்டி காட்டிக்கொடுத்துவிட்டதாக மாதேஸ்வரனோடு வெகுகாலம் பேசவில்லை.

இத்தனைக்கும் நடுவில், பெட்டிக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்த மாதேஸ்வரன், ஒவ்வொரு முறை ரீங்காரம் ஏறும்போதும் ஒரு கணம் வாசலைப் பார்ப்பார். பிறகு அது எந்த வீட்டுக்கென்று தெரிந்துகொண்டு குனிந்து வேலையைப் பார்ப்பார்.

சந்தின் கோடியில் இருந்தவர்களுக்குத் தறி இரைச்சலில் ரீங்காரம் கேட்கவில்லை என்பது குறையாக இருந்தது. வார்டு கவுன்சிலர் கந்தப்பன் ஒருநாள் வந்து, "ஏனுங் மாதேஸ்வரன், சத்தத்துக்குப் பதிலா வெளக்கா எரியற மாதிரி வெச்சா எல்லாருக்கும் ஆகுமுங்களே. பாவாயக்கா கடை முன்னால கம்பம் சும்மாதான நிக்குது" என்றார். பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைகளுக்கு ரீங்காரம் இடைஞ்சலாக இருக்கிறது, ஸ்பீக்கரை அணைத்துவிட்டால் நல்லது என்றும் கேட்டுக்கொண்டார்.

அதற்குத்தான் மைக்ரோகண்ட்ரோலர் போர்டு தேவைப்பட்டது. தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய, மலிவான, ஆனால் சொன்னதைச் சொன்னபடி செய்யும் சின்னப் பலகை. ஒயரில் எத்தனை வோல்ட் வருகிறதென்று பார்த்து அதற்கேற்ப விளக்குகளை ஏற்ற வேண்டும், அவ்வளவுதான் அதன் வேலை. கம்பத்தில் கீழிருந்து மேலாகப் பச்சை விளக்குகளைப் பதித்து, ஒயரை நேரே போர்டில் கொடுத்தார். பாவாயியின் மகள் கைக்குழந்தையோடு திருப்பூர் திரும்பிய காலையில் போர்டு புகைந்து செத்தது. இன்னொன்று வாங்கிவைத்தார். அது, வருஷக்கணக்காகத் தம்பியோடு பேச்சுவார்த்தை இல்லாத ஓர் அண்ணன் அவன் வீட்டுக்கு வந்த அன்று, விளக்குகள் எல்லாவற்றையும் ஒரே சமயத்தில் எரியவிட்டு அப்படியே கருகிப்போனது.

"என்னுங் தம்பி, நாத்தம் என் கடை வரைக்கும் வருது" என்று பாவாயி தெருவைத் தாண்டி வந்தாள்.

"தாங்க மாட்டேங்குதுக்கா. இதுக்குப் பூஜ்யத்துல இருந்து மூணு வோல்ட்டு, அதுக்கு மேல கொஞ்சம், அவ்வளவுதான் தாங்கும். பெட்டியில இருந்து பத்து வரைக்கும் வருது. அது மட்டுமில்லீங்க, யாராச்சும் போனா பூஜ்யத்துக்கும் கீழ போயிருது. கீழ போறதை இந்தச் சில்லு கனவுல கூடப் பார்த்ததில்ல."

"நம்ம ஃபிரிட்ஜுக்கு நீங்க ஒரு டப்பா மாட்டிக் குடுத்தீங்களே, கரண்டு ஏறி எறங்குனா காப்பாத்தறதுக்கு. அந்த மாதிரி நடுவுல ஒண்ணை வெக்க முடியாதுங்களா?"

"வெக்கோணும்" என்றார் மாதேஸ்வரன்.

வைத்தார். பெட்டிக்கும் போர்டுக்கும் நடுவில், பாய்ந்து வருவதை மட்டுப்படுத்த ஒரு ரெசிஸ்டர், அதை அடுத்து இரண்டு டயோடுகள்: அளவுக்கு மேல் ஏறுவதை ஒரு டயோடு வேறு வழியில் வடித்துவிடும், பூஜ்யத்துக்குக் கீழே இறங்குவதை இன்னொன்று தரையோடு சேர்த்துவிடும். எவ்வளவு வந்தாலும் போர்டு பார்ப்பது தான் தாங்கக்கூடியதை மட்டும்தான். கட்டைவிரல் நகத்தளவு இடத்தில் முடிந்துவிட்ட வேலை. போர்டு அதன்பிறகு சாகவேயில்லை. ஸ்பீக்கரைக் கழற்றி அட்டைப்பெட்டியில் போட்டு மூடினார். கம்பத்தில் பச்சை விளக்குகள் ஏறின, ஏறி நின்றன, மெதுவாகத் தணிந்து அணைந்தன, மறுபடி ஏறின. யார் வந்தாலும் சந்து மொத்தமும் வாசலுக்கு வந்து பார்த்தது. யார் போனாலும் கம்பத்தில் ஒன்றும் நடக்கவில்லை. பூஜ்யமும் பூஜ்யத்துக்குக் கீழே உள்ளதும் அதற்கு ஒன்றுதான். வரவு மட்டுமே உள்ள சந்தாக அது ஆகிவிட்டது. அங்கே இருந்தவர்களுக்கு அந்த நாட்களில் முகங்களே கொஞ்சம் மலர்ந்துவிட்டதுபோல இருந்தது. உள்ளபடி சொன்னால் மாதேஸ்வரனுக்கும் அது சௌகரியமாகத்தான் இருந்தது. பாத்திரங்கள் அதிரும் அந்த ஆழத்தைக் கேட்காமல் அவர் நன்றாகத் தூங்கினார்.

சந்தின் கோடி வீட்டில் நாச்சிமுத்து என்ற முதியவர் தனியாக இருந்தார். தறியில் பாவு நூல்களை இணைத்தே கண்ணைக் கெடுத்துக்கொண்டவர். தினமும் பாவாயி கடைக்கு வந்து ஒரு பொட்டலம் புகையிலை வாங்கி, கம்பத்தில் கைவைத்து நின்று, இன்று யார் வந்தது என்று கேட்டுத் தெரிந்துகொண்டு போவார். அவர் வராமல் போனபோது உடம்பு சுகமில்லையோ என்று பாவாயி நினைத்தாள். அப்புறம் மகன் வீட்டுக்குப் போயிருப்பார் என்று நினைத்தாள். அப்புறம் கார்த்திகை வந்தது, கடையில் வேலை கூடிற்று, அவள் நினைக்கவில்லை. தை பிறந்த பிறகு அவருடைய மகன் வந்து வீட்டைத் திறந்து சாமான்களை ஏற்றினான். பெருந்துறைப் பக்கம் ஒரு முதியோர் இல்லத்தில் விட்டிருந்ததாகவும், போன வாரம் அங்கேயே காலமாகிவிட்டதாகவும் சொன்னான். "உங்க சந்துல யாராச்சும் பார்க்க வந்தாங்களான்னு கடைசி வரைக்கும் கேட்டுட்டிருந்தாருங்க" என்றான், யாரையும் குற்றம் சொல்லாத குரலில்.

பாவாயி கடையைப் பாதி சாத்திவிட்டு மாதேஸ்வரன் வீட்டுக்கு வந்து நின்றாள்.

"ஏந் தம்பி, அவரு போனப்ப பெட்டி ஒண்ணும் சொல்லலீங்களா?"

மாதேஸ்வரன் பெட்டியிலிருந்து வரும் ஒயரில் மீட்டரை வைத்துப் பார்த்தார். எண்ணுக்கு முன்னால் கழித்தல் குறி நின்றது. எவ்வளவு காலமாக நின்றுகொண்டிருக்கிறதோ.

"சொல்லிட்டுத்தான் இருக்குதுக்கா. நாந்தான் வழியில நிறுத்திப்புட்டேன்."

அவள் அந்தக் குறியையே பார்த்துக்கொண்டிருந்தாள். போகும்போது, "அதையும் உடுங்க தம்பி" என்றாள். "போர்டு செத்தாச் சாவட்டும்."

போர்டு சாகக்கூடாது என்பதுதான் மாதேஸ்வரனின் கவலை. ஆனால் அது சாகாமல் இருப்பதற்காகப் பாதியை வெட்டி எறியவும் கூடாது. இதை யோசித்துக்கொண்டு அவர் மாசி முழுக்க முன்னறையில் உட்கார்ந்திருந்தார், டீ ஆறிப்போயிற்று, எதிரில் அடுக்கியிருந்த ஸ்டெபிலைசர்களின் சொந்தக்காரர்கள் வந்து திட்டிவிட்டுப் போனார்கள். கடைசியில் வழி எளிதாகத்தான் இருந்தது. தடுப்பதற்குப் பதில் சுருக்க வேண்டும். சுருக்கியபின் தூக்க வேண்டும். ஆப்-ஆம்ப் என்கிற சின்ன ஐசி ஒன்றை வைத்து, பெட்டியிலிருந்து வரும் அத்தனை ஏற்றத்தையும் அத்தனை இறக்கத்தையும் ஒரே விகிதத்தில் சிறிதாக்கி, பிறகு மொத்தத்தையும் மேலே நகர்த்தி, பெட்டியின் பூஜ்யம் போர்டு தாங்கும் அளவின் சரிபாதியில் வந்து உட்காரும்படி செய்தார். இப்போது எவ்வளவு ஆழத்துக்கு இறங்கினாலும் போர்டுக்கு அது ஆபத்தில்லாத ஒரு சிறிய எண். கைகாவலுக்குப் பழைய டயோடுகளையும் விட்டுவைத்தார். கம்பத்தின் நடுவில் ஒரு மஞ்சள் விளக்கு வைத்து, பச்சைகளை அதற்கு மேலே ஏற்றி, கீழே தரைக்கு அருகில்வரை நீல விளக்குகளை இறக்கினார்.

முதல் நாள் எல்லாம் தலைகீழாக நடந்தது. அந்த ஐசிக்கு ஏற்றத்தை இறக்கமாக்கும் குணம் உண்டு என்பதைப் போர்டின் நிரலில் சரிசெய்ய மறந்துவிட்டார். சீமந்தத்துக்கு வந்த மாப்பிள்ளை வீட்டாருக்கு நீலம் இறங்க, அவர்கள் திரும்பிப் போகும்போது பச்சை எகிற, அந்தச் சம்பந்தம் முறிந்துபோகாமல் காப்பாற்ற மாதேஸ்வரனே போய் விளக்கம் சொல்ல வேண்டியிருந்தது. மறுநாளிலிருந்து சரியாயிற்று.

"சோகத்தை எதுக்குங்க கம்பத்துல மாட்டோணும்?" என்று கவுன்சிலர் கந்தப்பன் முணுமுணுத்தார். சிலர் நீல விளக்குகள்மேல் சாக்கைச் சுற்றினார்கள், பாவாயி அவிழ்த்தாள், மறுபடி சுற்றினார்கள், மறுபடி அவிழ்த்தாள். கந்தப்பனின் மகள் படிக்கச் சென்னைக்குப் போன நாளில் நீலம் முழங்கால் உயரத்துக்கு இறங்கிற்று. அவர் வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். சற்று நேரத்தில் பக்கத்து வீட்டு அம்மாள் ஒரு தம்ளர் காப்பியோடு கதவைத் தட்டினாள், அதற்குப் பின்னால் இன்னொருவர் வந்து சும்மா உட்கார்ந்தார், அப்புறம் இன்னொருவர். அன்றுமுதல் சாக்கை யாரும் சுற்றவில்லை. நீலம் இறங்கினால் எந்த வீடு என்று கேட்டு, அந்த வீட்டுக்குப் போய், காப்பியோ, கொஞ்சம் குழம்போ, ஒன்றுமில்லையென்றால் வெறும் பேச்சோ கொடுத்துவிட்டு வருவது சந்தின் வழக்கமாயிற்று. சில நாளில் நீலம் ஒவ்வொன்றாக ஏறி மஞ்சளுக்கு வந்துவிடும். மாதேஸ்வரன் வீட்டுக்கு மட்டும் பச்சையும் வந்ததில்லை, நீலமும் வந்ததில்லை. வரவும் போகவும் அவருக்கு யாரும் இல்லை. பெட்டி விழித்துக்கொண்ட நாளிலிருந்து அவரும் எங்கேயும் போய்த் தங்கியதில்லை. போய்த் தங்க ஓரிடம் இருந்ததில்லை.

சித்திரையில் பென்னாகரத்திலிருந்து போன் வந்தது. தமயந்தியின் அப்பா தவறிவிட்டார். மாதேஸ்வரன் ஒரு வேட்டியையும் இரண்டு சட்டையையும் பையில் வைத்து, பெட்டியையும் போர்டையும் ஓடவிட்டபடியே வீட்டைப் பூட்டி, யாரிடமும் சொல்லத் தோன்றாமல் மத்தியான வெயிலில் பஸ் நிலையத்துக்கு நடந்தார். சந்து அப்போது சாப்பிட்டுப் படுத்திருந்தது.

பென்னாகரத்தில் அவரை மருமகனாகவே நடத்தினார்கள். காரியம் முடியும்வரை இருந்தார். கடைசி நாள் வேப்பமரத்தடியில் தமயந்தி வந்து பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள். முன்நெற்றி முடி நரைத்திருந்தது.

"அந்தப் பெட்டி இன்னும் இருக்குதுங்களா?"

இருக்கிறது என்று சொல்லி, பெட்டி என்ன செய்கிறது என்பதையும், கம்பத்தையும், போர்டுகள் செத்ததையும், நடுவில் வைத்த காவலையும், முதலில் செய்ததில் என்ன தப்பு, பிறகு செய்ததில் என்ன சரி என்பதையும் எல்லாம் சொன்னார். அவளிடம் அவர் இவ்வளவு நேரம் தொடர்ந்து பேசியது அதுதான் முதல் தடவை. அவள் குறுக்கிடாமல் கேட்டாள்.

"நான் கெளம்பினப்ப அது இருந்திருந்தா என்ன காட்டியிருக்கும்?"

"கீழ போயிருக்கும்."

"எவ்வளவு?"

"போர்டு தாங்கியிருக்காது."

"பஸ்ஸுல சீட்டுப் புடிச்சுக் குடுத்தீங்களே, அன்னைக்கே இதை ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்" என்றாள் தமயந்தி. கோபமாகச் சொல்லவில்லை. பிறகு எழுந்து போய் அவருக்கு வழிக்குக் கட்டுச்சோறு கட்டினாள். தான் வருவதாக அவள் சொல்லவில்லை. வா என்று கேட்கவேண்டும் என்று நினைத்துக்கொண்டே வந்தவர், கேட்டார். அவள் இல்லையென்று தலையசைத்தாள். அவர் கேட்டதற்கு மட்டும் அவள் முகம் ஒரு கணம் இளகிற்று.

மேட்டூர் வழியாக வந்த பஸ்ஸில், மடியில் கட்டுச்சோற்றை வைத்துக்கொண்டு, அவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடியே வந்தார். கரையோரம் தறிக்கூடங்கள் தென்பட ஆரம்பித்தன. பஸ் நிலையத்தில் இறங்கிச் சந்துக்குள் திரும்பியபோது காலை வெயில் ஏறியிருந்தது. தலைகுனிந்து பூட்டைத் திறக்கப் போனவரைப் பாவாயி கடையிலிருந்து கூப்பிட்டாள். கல்லாவுக்கு வெளியே வந்து நின்றிருந்தாள். அவளைச் சுற்றி இன்னும் நாலைந்து பேர், கந்தப்பனும் இருந்தார்.

"எங்க போயிருந்தீங்க தம்பி?"

"பென்னாகரம். மாமனார் தவறிட்டாருக்கா."

"ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போவக் கூடாதுங்களா?" என்றாள். "நீங்க போன அன்னைக்கு மத்தியானம், எல்லாரும் எந்திரிச்சு வந்து பார்த்தா, வெளக்கு இறங்கிட்டே போவுது. எந்த வூடுன்னு கேட்டுட்டு நானும் நம்ம கவுன்சிலரும் வூடு வூடாப் போனோம். எல்லா வூட்டுலயும் எல்லாரும் இருக்கறாங்க. புள்ளைங்கள எண்ணிப் பார்த்தோம். தறிக்காரங்களை எண்ணினோம். ஒருத்தருங் கொறையல. போர்டுதான் கெட்டுப்போச்சு போலிருக்கு, மாதேஸ்வரனைக் கூப்பிட்டுக் காட்டலாம்னு இவர் சொன்னாரு. வந்து பார்த்தா உங்க கதவுல பூட்டு."

கந்தப்பன் தரையைப் பார்த்தார். "உங்களை எண்ண உட்டுட்டோமுங்க" என்றார்.

மாதேஸ்வரன் கம்பத்தைத் திரும்பிப் பார்த்தார். நடுவில் மஞ்சள் எரிந்தது. அதற்கு மேலே பச்சை.

"இன்னிக்குக் காத்தால வரைக்கும் ஏறவேயில்லீங்க. நீங்க முக்குல திரும்பறதுக்குக் கொஞ்சம் முன்னாலதான் ஏறுச்சு" என்றாள் பாவாயி.

"கீழ எது வரைக்கும் போச்சுக்கா?"

பாவாயி கம்பத்துக்கு அருகில் போனாள். ஒரு கையைக் கம்பத்தில் ஊன்றி, வலிக்கும் இடுப்போடு மெல்லக் குனிந்து, முழங்காலைத் தாண்டி, கணுக்காலைத் தாண்டி, மண்ணை ஒட்டி இருந்த கடைசி விளக்கின்மேல் விரலை வைத்தாள். சரியாகத் தெரியவில்லை என்பதுபோல மாதேஸ்வரன் பையைக் கீழே வைத்துவிட்டுத் தெருவிலேயே உட்கார்ந்து, அவள் விரல் இருந்த இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.